நோன்பு மாதத்தில் மூன்று லிட்டர்

காஜிமார் தெருவில் எங்கள் சந்து முழுக்க
உதடு காய்ந்து நடமாடுகிறது.
பகல் இரண்டு மணி, பங்குனி வெயில்.
நான் மட்டும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு
தண்ணீர் குடிக்கிறேன்
திருடியைப் போல.
டாக்டர் சொல்லித்தான் என்றாலும்
தொண்டைக்குள் இறங்கும் சத்தம்
தெருக்கோடி வரை கேட்பதாகத் தோன்றுகிறது.

நாளைக்கு மூன்று லிட்டர்.
சின்னச் சொம்பால் ஒன்பது.
ஒவ்வொன்றுக்கும் சுவரில் சாக்பீஸ் கோடு,
ஜாக்கெட் துணியில் போடும் அதே நீலச் சாக்பீஸ்.

இதற்கு முன்னால் மூன்று வருசம் நேர்மாறு.
அரை லிட்டர் பாட்டில் ஒன்று,
மாத்திரைக்கும் டீக்கும் தாகத்துக்கும் அதுதான்.
வாய் கொப்பளித்துத் துப்பும்போது
ஒரு வாய் உள்ளே போய்விட்டால்
படைத்தவனுக்குத் தெரியும், மறுநாள் எடை மிஷினுக்கும் தெரியும்.
பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகையில்
பாலத்தின் மேலிருந்து வைகையைப் பார்ப்பேன்.
அவளும் வறண்டு கிடப்பாள்.
எனக்கு அது ஆறுதலாக இருந்தது,
நோன்பு மாதம், பொய் சொல்லக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா
ஆள்விட்டுக் கேட்ட முதல் கேள்வி:
"அவளுக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?"
நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாள்,
நிக்காஹ் புடவையைப் பிரித்துக் காட்டுவதுபோல.
இளமஞ்சள்.
நான் அழுதேன்.

அக்கா பெயர் கமர்நிஷா.
திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்தது.
அம்மாவின் அட்டியலுக்காக
நாலு வருசம் என்னோடு பேசாதவள்.
அட்டியல் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.
இனி எந்த வாயால் கேட்பேன்?

"எல்லாம் சரியாப் போச்சுல்ல" என்கிறார்கள்
அளவு கொடுக்க வருகிறவர்கள்.
போச்சு, போச்சு என்பேன்.
காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும்
போனில் அலாரம் அலறுவதையும்,
மாத்திரையால் விரல் நடுங்குவதையும்,
ஊசியில் நூல் கோக்க
மகன் ஒரு கம்பிக் கண்ணி வாங்கித் தந்திருப்பதையும்
எதற்குச் சொல்ல?
முகம் பணியாரமாய் உப்பியபோது
என் ரவிக்கையை நானே பிரித்து
நானே தைத்தேன், கூலி கிடையாது.
கல்யாண மண்டபத்தில் மாஸ்க் போட்டு
வாசல் காற்றில் நாற்காலி போட்டு உட்காருகிறேன்.
இடது கையில் டயாலிசிஸ் நரம்பு
இன்னும் தையல் மிஷின்போல் ஓடிக்கொண்டிருக்கிறது,
நிறுத்தச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை.
கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று.
ரிசல்ட் வாங்கும் நாள் மட்டும்
சோறு இறங்குவதில்லை.

விட்ட நோன்புக்கு ஆளுக்கொரு வேளைச் சாப்பாடு.
முப்பது நாள் முப்பது பொட்டலம்,
டயாலிசிஸ் வார்டு வாசலில் காத்திருப்பவர்களுக்கு.
உள்ளே இருப்பவர்களுக்கு எதையும் கொடுத்துவிட முடியாது.
பக்கத்து பெட் ஒச்சம்மாள், உசிலம்பட்டி,
தனக்கான ஐஸ் கட்டியில் பாதியை
ஒருநாள் எனக்குக் கடித்துக் கொடுத்தவள்.
அவள் புருசனைத் தேடினேன்.
அந்த பெட்டில் வேறு யாரோ.

மஃரிப் பாங்கு முடிந்ததும் போன் வரும்.
"தொறந்தாச்சு. நீ எத்தனாவது சொம்பு?"
"எட்டு."
"பொய்."
"ஏழு."
டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் நோன்பு வைக்கிறாள்.
நாற்பத்தாறு வருசம்
ஒரே முதுகுக்குள் அக்கம்பக்கமாய்க் கிடந்த இரண்டில்
ஒன்று அங்கே தாகத்தோடு இருக்கிறது,
ஒன்று இங்கே குடிக்கிறது.
தோளில் உட்கார்ந்து எழுதுகிற மலக்குகள்
இதை யார் கணக்கில் எழுதுவார்களோ,
திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் அலைகிறார்களோ.

ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறேன்.
தாழ்ப்பாள் சத்தத்துக்கு மகன் முனகுகிறான்.
முனகட்டும்.
இருட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக்
கடைசிச் சொட்டு வரை கேட்கிறேன்.

அட்டியலைப் பற்றி
இன்றைக்கும் கேட்கவில்லை.